சில நிமிடமே இருந்த தூது: 1960இல் எம்.ஆர்.என்.ஏ. பிடிபட்ட விதம் – ஒரு நிகழ்வு ஆய்வு

காஞ்சிபுரத்துப் பட்டுத்தறிக்கு மேலே ஒரு பெட்டி இருக்கும். அதிலிருந்து துளை போட்ட அட்டைகள் வரிசையாகக் கோத்துத் தொங்கும். ஜக்கார்டு என்பார்கள். நெசவாளர் மிதிக்க மிதிக்க ஒவ்வோர் அட்டையாக நகரும். துளை எங்கே இருக்கிறதோ அதற்கேற்ப நூல் மேலே எழும்பும், கரையில் மயிலோ மாங்காயோ விழும். அட்டைகளை மாற்றிப் போட்டால் அதே தறியில் வேறு டிசைன்.

1950களில் செல்லுக்குள் புரதம் எப்படி உருவாகிறது என்று ஆராய்ந்தவர்கள் தறியைப் பார்த்துவிட்டார்கள். அட்டையைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு டிசைனுக்கும் ஒரு தனித் தறி இருக்கிறது என்றே நினைத்துக்கொண்டார்கள். அந்த அட்டைக்குத்தான் பிறகு எம்.ஆர்.என்.ஏ. என்று பெயர் வந்தது, தமிழில் தூது ஆர்.என்.ஏ. நம் பாடப்புத்தகங்களில் இது மூன்று வகை ஆர்.என்.ஏ.க்களில் ஒன்றாக, அட்டவணையில் ஒரு வரியாக வந்துவிட்டுப் போகிறது: 'டி.என்.ஏ.விலிருந்து செய்தியை ரைபோசோமுக்கு எடுத்துச் செல்கிறது.' மாணவர்கள் மனப்பாடம் செய்து எழுதிவிடுகிறார்கள். அப்படி ஒன்று ஏன் இருக்க வேண்டும், அது இல்லாமல் செல் ஏன் இயங்காது என்பது அந்த ஒரு வரியில் இல்லை. அது 1960இல் நடந்த கண்டுபிடிப்பில் இருக்கிறது. அதனால்தான் அந்த நிகழ்வை முழுதாக எடுத்துப் பார்க்கிறேன்.

சந்தேகம் விழுந்த இடம்

அன்றைக்குத் தெரிந்திருந்தது இவ்வளவு. மரபுச் செய்தி டி.என்.ஏ.வில் இருக்கிறது. நம்முடைய செல்களில் அது நியூக்ளியஸுக்குள் உட்கார்ந்திருக்கிறது. புரதமோ நியூக்ளியஸுக்கு வெளியே, சைட்டோபிளாசத்தில் உருவாகிறது. ஆக, நடுவில் ஏதோ ஒன்று செய்தியைக் கொண்டுபோக வேண்டும். நிறையப் புரதம் செய்யும் செல்களில் நிறைய ஆர்.என்.ஏ. இருப்பதை 1940களிலேயே ஸ்வீடனில் காஸ்பர்சன், பெல்ஜியத்தில் பிராஷே ஆகிய இருவரும் கவனித்திருந்தார்கள். 1950களில் ஜார்ஜ் பலாடே எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் சிறு சிறு துகள்களைப் பார்த்தார், பாஸ்டனில் பால் ஜமெக்னிக்கின் குழு புரதம் உருவாகும் இடம் அந்தத் துகள்தான் என்று காட்டியது. அதுதான் ரைபோசோம். அதில் பெரும்பகுதி ஆர்.என்.ஏ.

இதற்கு மேல் என்ன வேண்டும்? இடமும் பொருந்துகிறது, பொருளும் பொருந்துகிறது. ஒரு மரபணு தன் செய்தியை ஒரு ரைபோசோமுக்குள் எழுதி அனுப்புகிறது, அந்த ரைபோசோம் தன் ஆயுள் முழுக்க அந்த ஒரே புரதத்தைச் செய்கிறது என்று முடிவு கட்டினார்கள். ஜேம்ஸ் வாட்சனோடு சேர்ந்து டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் அமைப்பைக் கண்டறிந்த பிரான்சிஸ் கிரிக் உட்பட அன்றைய பெரிய தலைகள் இதையே நம்பினார்கள்.

அதில் எனக்குத் தவறு தெரியவில்லை. செல்லில் இருக்கும் ஆர்.என்.ஏ.யில் ஏறக்குறைய 80 சதவீதம் ரைபோசோமுடையது, தூது ஆர்.என்.ஏ.யின் பங்கு சில சதவீதம்தான். எந்தச் சோதனைக் குழாயில் போட்டுப் பார்த்தாலும் முன்னால் வந்து நிற்பது ரைபோசோம்தான்.

ஆனால் சில இடங்கள் உறுத்தின. ரைபோசோம் ஆர்.என்.ஏ. எங்கே எடுத்தாலும் இரண்டே அளவில்தான் வந்தது. புரதங்களோ சிறிதும் பெரிதுமாக ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. 1958இல் சோவியத் ஆய்வாளர்கள் பெலோசெர்ஸ்கியும் ஸ்பிரினும் பல வகை பாக்டீரியாக்களின் டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. இரண்டின் எழுத்து விகிதத்தையும், அதாவது அவற்றைக் கட்டும் நான்கு வேதி எழுத்துகள் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்பதையும், அளந்து ஒப்பிட்டார்கள். டி.என்.ஏ. இனத்துக்கு இனம் வெகுவாக மாறியது, ஆர்.என்.ஏ. கிட்டத்தட்ட மாறவே இல்லை. மூலம் மாறும்போது நகல் மாறவில்லை என்றால் அது என்ன நகல்? இந்தக் கேள்வி எல்லோர் மனதிலும் இருந்தது. பதில்தான் இல்லை.

இரண்டு தடயங்கள், இரண்டு ஊர்களில்

முதல் தடயம் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் 1956இலேயே கிடைத்திருந்தது. எலியட் வால்கின், லாசரஸ் அஸ்ட்ராகன் இருவரும் ஈ.கோலை பாக்டீரியாவை டி2 என்ற ஃபேஜ் வைரஸால் தாக்கவிட்டு, கதிரியக்க பாஸ்பரஸைச் சேர்த்துப் பார்த்தார்கள். வைரஸ் உள்ளே போனதும் பாக்டீரியாவின் மொத்த ஆர்.என்.ஏ. கூடுவது நின்றுவிடுகிறது, புது ரைபோசோம்கள் உருவாவதில்லை. ஆனாலும் ஒரு சின்ன அளவு ஆர்.என்.ஏ. மளமளவென்று உருவாகி, மளமளவென்று அழிந்துகொண்டிருந்தது. அதன் எழுத்து விகிதம் பாக்டீரியாவின் டி.என்.ஏ.வை ஒத்திருக்கவில்லை, தாக்கிய வைரஸின் டி.என்.ஏ.வை ஒத்திருந்தது. கையிலிருந்தது தூது ஆர்.என்.ஏ.தான். அன்று அதை அப்படிப் படிக்க யாரிடமும் ஒரு சட்டகம் இல்லை. வைரஸ் விஷயத்தில் ஏதோ விசித்திரம் என்று ஒதுக்கிவிட்டார்கள். இந்த இருவர் பெயரும் நம் பள்ளி மாணவர்களுக்குத் தெரியாமல் இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

இரண்டாவது தடயம் பாரிஸில், பாஸ்டர் நிறுவனத்தில். அங்கே ஃபிரான்சுவா ஜேக்கப், ஜாக் மோனோ இருவரும், கலிபோர்னியாவிலிருந்து வந்திருந்த ஆர்தர் பார்டியும் சேர்ந்து ஒரு சோதனை செய்தார்கள். லாக்டோஸ் சர்க்கரையை உடைக்கும் பீட்டா-காலக்டோசிடேஸ் என்ற நொதிக்கான மரபணு இல்லாத பாக்டீரியாவுக்குள், அந்த மரபணுவை இன்னொரு பாக்டீரியாவிலிருந்து இணைவு வழியாக நுழையவிட்டார்கள். மரபணு உள்ளே போன சில நிமிடங்களிலேயே நொதி உருவாகத் தொடங்கியது. தொடங்கியபோதே முழு வேகம்.

இதில் என்ன அதிசயம் என்று தோன்றலாம். தறிக்குத் திரும்பிப் போவோம். புது டிசைனுக்குப் புதுத் தறிகள் ஒவ்வொன்றாகச் செய்து இறக்க வேண்டும் என்றால், முதல் நாள் ஒரு புடவை, தறிகள் சேரச் சேர இரண்டு, நான்கு என்று உற்பத்தி மெதுவாகத்தான் ஏறும். முதல் நாளே முழு உற்பத்தி வந்தால் தறிகள் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தன என்று பொருள்.

அடுத்த சோதனையைக் கலிபோர்னியாவின் பெர்க்லியில் இருந்த பார்டியின் ஆய்வகத்தில் மோனிகா ரைலி செய்தார். மரபணுவைக் கொடுக்கும் பாக்டீரியாவின் டி.என்.ஏ. முழுக்கக் கதிரியக்க பாஸ்பரஸ்-32 ஏற்றினார். மரபணு பெறும் பாக்டீரியாவுக்குள் போய், நொதி உருவாகத் தொடங்கிய பிறகு எல்லாவற்றையும் திரவ நைட்ரஜனில் உறையவைத்தார். பாஸ்பரஸ்-32இன் அரை ஆயுள் ஏறக்குறைய 14 நாள். அது சிதையும்போது டி.என்.ஏ. இழை அங்கங்கே அறுந்துபோகும். சில நாட்களுக்கு ஒரு முறை கொஞ்சம் எடுத்து உருக்கிப் பார்த்தார். மரபணு சிதையச் சிதைய நொதி செய்யும் திறனும் போய்க்கொண்டே இருந்தது. செய்தி நிலையான ரைபோசோமுக்குள் ஒரு முறை எழுதப்பட்டிருந்தால் மரபணு செத்த பிறகும் நொதி வந்துகொண்டிருக்க வேண்டும். வரவில்லை. மரபணு ஓயாமல் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கிறது, அனுப்பியது உடனுக்குடன் அழிந்துகொண்டே இருக்கிறது. பாரிஸ்காரர்கள் அந்தப் பிடிபடாத பொருளுக்கு 'எக்ஸ்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

1960 ஏப்ரல் 15

அன்று புனித வெள்ளி. கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில், கிரிக்கின் சக ஆய்வாளர் சிட்னி பிரென்னரின் அறையில் சிலர் கூடியிருந்தார்கள். கிரிக் இருந்தார், ஜேக்கப் பாரிஸிலிருந்து வந்திருந்தார். ஜேக்கப் தங்கள் சோதனைகளை விவரித்துக்கொண்டே வந்து ரைலியின் முடிவைச் சொன்னார். பிரென்னரும் கிரிக்கும் சட்டென்று எழுந்து, கைகளை ஆட்டிக்கொண்டு, மூச்சுவிடாமல் பேச ஆரம்பித்துவிட்டார்கள் என்று ஜேக்கப் பின்னாளில் எழுதியிருக்கிறார். அவர்களுக்கு வால்கின்–அஸ்ட்ராகன் முடிவு நினைவுக்கு வந்துவிட்டது. ஓக் ரிட்ஜில் பார்த்த, வேகமாகத் தோன்றி வேகமாக மறையும் ஆர்.என்.ஏ.வும் பாரிஸின் 'எக்ஸ்' என்பதும் ஒன்றே!

நான்கு வருடமாக அச்சில் இருந்த ஒரு முடிவும், பாரிஸிலும் பெர்க்லியிலும் கிடைத்த முடிவுகளும் ஒரே அறையில் சேர்ந்த பிறகுதான் பொருள் புரிந்தது. அன்று அந்த அறையில் புதிய அளவீடு எதுவும் நடக்கவில்லை. இரண்டையும் அறிந்தவர்கள் ஒரே நேரத்தில் அங்கே இருந்தார்கள், அவ்வளவுதான்.

ரைபோசோம் ஒரு பொதுவான தறி, எந்த அட்டையைப் போட்டாலும் அதை நெய்யும். அட்டை தனி, சில நிமிடத்தில் அழிந்துபோகும் ஆர்.என்.ஏ. அன்றிரவு கிரிக் வீட்டில் விருந்து. பிரென்னரும் ஜேக்கப்பும் கூட்டத்துக்கு நடுவே ஒதுங்கி நின்று, இதை நிரூபிக்க என்ன செய்ய வேண்டும் என்று திட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். இருவருக்குமே ஜூன் மாதம் கலிபோர்னியாவின் பாசடீனா நகரில் உள்ள கால்டெக் ஆய்வு நிறுவனத்துக்குப் போகும் வாய்ப்பு இருந்தது. அங்கேதான் மேத்யூ மெசல்சன் இருந்தார். பொருள்களை எடை வேறுபாட்டால் பிரிப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

பாசடீனாவில் சில வாரங்கள்

சோதனையின் தர்க்கம் எளிமையானது. பாக்டீரியாவை நைட்ரஜன்-15, கார்பன்-13 என்ற கனமான ஐசோடோப்புகள் கலந்த உணவில் வளர்க்கிறோம். அதன் ரைபோசோம்கள் எல்லாம் கனமாகிவிடும். பிறகு சட்டென்று சாதாரண, லேசான உணவுக்கு மாற்றி, ஃபேஜ் வைரஸைத் தாக்கவிடுகிறோம். கூடவே கதிரியக்க பாஸ்பரஸைச் சில நிமிடம் மட்டும் கொடுக்கிறோம். இனிமேல் உருவாகும் ரைபோசோம் எதுவானாலும் லேசானது. இனிமேல் உருவாகும் ஆர்.என்.ஏ. எதுவானாலும் கதிரியக்கம் உடையது. அப்புறம் செல்லை உடைத்து ரைபோசோம்களைப் பிரித்துப் பார்த்தால் போதும். கதிரியக்கம் லேசான ரைபோசோமில் இருந்தால் பழைய கொள்கை சரி, வைரஸ் தனக்கென்று புதுத் தறி செய்துகொள்கிறது. பழைய, கனமான ரைபோசோமில் இருந்தால், பாக்டீரியாவின் தறியிலேயே வைரஸ் தன் அட்டையை மாட்டிவிட்டது.

எடை பிரிக்க சீசியம் குளோரைடு கரைசலில் போட்டு, ஒரு நாளுக்கு மேல் அதிவேகமாகச் சுழற்ற வேண்டும். சுழலச் சுழலக் கரைசலின் அடர்த்தி அடியில் கூடுதலாகவும் மேலே குறைவாகவும் அடுக்காகிவிடும். ஒவ்வொரு பொருளும் தன் அடர்த்திக்கு ஏற்ற மட்டத்தில் மிதந்து நிற்கும். இந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டார்கள். ரைபோசோம்கள் நிற்கவில்லை, உடைந்து சிதறின. திரும்பத் திரும்பச் செய்தும் பலனில்லை. ஊர் திரும்ப வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

அங்கே பணிபுரிந்த ஹில்டகார்டு லாம்ஃப்ராம் என்ற உயிர்வேதியியலாளர் இருவரையும் காரில் கடற்கரைக்கு அழைத்துப் போனார். மணலில் சோர்ந்துபோய்க் கிடந்த நேரத்தில் பிரென்னர் துள்ளி எழுந்து "மக்னீசியம்! மக்னீசியம்தான்!" என்று கத்தினார். ரைபோசோம் சிறிதும் பெரிதுமான இரண்டு பாகங்களால் ஆனது. அவை ஒட்டி நிற்க மக்னீசியம் அயனிகள் வேண்டும். கரைசலில் குவிந்து கிடக்கும் சீசியம் அயனிகள் மக்னீசியத்தை இடம்பெயர்த்துவிடுகின்றன. அப்படியானால் போட்டி போடும் அளவுக்கு மக்னீசியத்தைக் கூட்ட வேண்டும். உடனே ஆய்வகத்துக்குத் திரும்பி, மக்னீசியத்தைப் பல மடங்கு கூட்டிச் சோதனையைத் திரும்பச் செய்தார்கள்.

கடைசிக் கட்டம் எப்படி இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன். சுழற்றி எடுத்த சின்னக் குழாயின் அடியில் ஊசியால் ஒரு துளை. சொட்டுச் சொட்டாகக் கரைசல் இறங்கும். அடியில் இருப்பது முதலில் வரும், அதாவது கனமானது முதலில். ஒவ்வொரு சொட்டையும் தனித்தனியாகப் பிடித்து, கதிரியக்கத்தை எண்ணும் கருவியில் வைத்து, எண்ணிக்கையைத் தாளில் குறிக்க வேண்டும். எண்ணிக்கை ஏற ஆரம்பித்தது, உச்சத்துக்குப் போய் இறங்கியது. அந்த உச்சம் விழுந்தது கனமான ரைபோசோம் இருக்கும் இடத்தில். லேசான ரைபோசோம் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. வைரஸின் புது ஆர்.என்.ஏ. பாக்டீரியாவின் பழைய ரைபோசோமில் உட்கார்ந்திருந்தது.

இன்னொரு சோதனையில் பாஸ்பரஸுக்குப் பதில் கதிரியக்க கந்தகம் கொடுத்தார்கள், அது புரதத்தில் சேரும். புதிதாக உருவாகும் வைரஸ் புரதமும் அதே பழைய ரைபோசோமில் காணப்பட்டது, சற்று நேரத்தில் அங்கிருந்து விலகிப் போனது.

பிரென்னர், ஜேக்கப், மெசல்சன் மூவரின் கட்டுரை 1961 மே 13ஆம் தேதி 'நேச்சர்' இதழில் வந்தது. அதற்கு அடுத்த கட்டுரையே ஹார்வர்டில் ஜேம்ஸ் வாட்சனின் ஆய்வகத்தில் ஃபிரான்சுவா குரோவும் மற்றவர்களும் செய்தது. வைரஸ் தாக்காத சாதாரண ஈ.கோலையிலும் இதே போன்ற குறுகிய ஆயுள் ஆர்.என்.ஏ. இருப்பதை அவர்கள் காட்டினார்கள். இது வெறும் கூடுதல் சான்று இல்லை. 'வைரஸ் செய்யும் விசித்திரம்' என்று ஒதுக்க இருந்த வழியை அது அடைத்துவிட்டது. அதே ஆண்டில் பென் ஹாலும் சால் ஸ்பீகல்மனும் டி2 வைரஸின் ஆர்.என்.ஏ.வை அதே வைரஸின் டி.என்.ஏ. இழையோடு சேர்த்துப் பார்த்து, இரண்டும் எழுத்துக்கு எழுத்துப் பொருந்தி ஒட்டிக்கொள்வதைக் காட்டினார்கள். மூலமும் நகலும் என்ற உறவு அதில் நேராகத் தெரிந்தது. 'மெசஞ்சர் ஆர்.என்.ஏ.' என்ற பெயரைக் கொடுத்தவர்கள் ஜேக்கப்பும் மோனோவும்.

அந்த மே மாதமே, 27ஆம் தேதி விடியற்காலையில், மேரிலாந்தில் ஹைன்ரிக் மத்தேய் ஒரு செயற்கை அட்டையைத் தறியில் மாட்டிப் பார்த்தார். முழுக்க 'யூ' என்ற ஒரே எழுத்தால் ஆன ஆர்.என்.ஏ.வை ஈ.கோலையின் செல்சாற்றில் போட்டார். ஃபினைல்அலனின் என்ற ஒரே அமினோ அமிலத்தால் ஆன சங்கிலி வந்தது. மத்தேயும் மார்ஷல் நீரன்பெர்க்கும் மரபுக் குறியீட்டின் முதல் சொல்லைப் படித்துவிட்டார்கள்.

சீக்கிரம் அழிவது எதற்கு

இந்த நிகழ்விலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றே. தூது ஆர்.என்.ஏ. இத்தனை வருடம் கண்ணில் படாமல் இருந்ததற்குக் காரணம் எதுவோ, அதுதான் அதன் வேலையும். அது சீக்கிரம் அழிவதால் யாரும் பார்க்கவில்லை. சீக்கிரம் அழிவதால்தான் செல் தன் மனதை மாற்றிக்கொள்ள முடிகிறது.

ஈ.கோலையில் ஒரு தூது ஆர்.என்.ஏ.யின் அரை ஆயுள் பொதுவாகச் சில நிமிடங்கள். லாக்டோஸ் கிடைக்கிறது, மரபணு திறக்கிறது, நகல்கள் வருகின்றன, நொதி உருவாகிறது. லாக்டோஸ் தீர்ந்தால் மரபணு மூடிக்கொள்கிறது. இருக்கிற நகல்கள் கொஞ்ச நேரத்தில் சிதைந்துவிடும், ரைபோசோம்கள் அடுத்த வேலைக்குப் போய்விடும். செய்தி ரைபோசோமுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தால், தேவை முடிந்த பிறகும் அந்த ரைபோசோம் அதே நொதியைச் செய்துகொண்டே இருக்கும். ஒரு பாக்டீரியா 20 நிமிடத்தில் இரண்டாகும் உலகத்தில் அப்படி ஒரு வீண்செலவு கட்டுப்படியாகாது.

நகல் எடுப்பதில் இன்னொரு வசதியும் உண்டு. ஒரே ஒரு மரபணுவிலிருந்து பல நகல்கள் எடுக்கலாம், ஒவ்வொரு நகலையும் பல ரைபோசோம்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படிக்கலாம். மூலம் பத்திரமாக இருக்க, உற்பத்தி பெருகும்.

நம் செல்களில் கதை இன்னும் நீளம். நகல் எடுத்த ஆர்.என்.ஏ. நியூக்ளியஸுக்குள்ளேயே வெட்டி ஒட்டப்படுகிறது, தலையில் ஒரு தொப்பியும் பின்னால் அடினின் எழுத்துகளால் ஆன ஒரு வாலும் பொருத்தப்பட்டு வெளியே வருகிறது. ஆயுளும் ஆளுக்கு ஆள் மாறும், சிலவற்றுக்கு அரை மணி நேரம், பலவற்றுக்குப் பல மணி நேரம். எது எவ்வளவு நேரம் இருக்க வேண்டும் என்பதும் அதன் எழுத்துகளிலேயே இருக்கிறது. வீக்கத்தைத் தூண்டும் டி.என்.எஃப். என்ற புரதத்தின் தூது ஆர்.என்.ஏ.யில், வால்பக்கம் 'ஏ'யும் 'யூ'வும் நிறைந்த ஒரு பகுதி உண்டு. 'என்னைச் சீக்கிரம் அழித்துவிடு' என்பதற்கான அடையாளம் அது. 1999இல் வெளியான ஓர் ஆய்வில் எலிகளில் அந்தப் பகுதியை மட்டும் நீக்கினார்கள். புரதத்தின் எழுத்துகளில் கை வைக்கவே இல்லை. அந்த எலிகளுக்கு மூட்டுவாதமும் குடல் அழற்சியும் வந்தன. செய்தியில் பிழை இல்லை, அது நேரத்துக்கு அழியாததுதான் நோய்.

தடுப்பூசி பற்றிப் பயப்படுபவர்களிடம் நான் சொல்வதும் இதைத்தான். எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசியில் போவது ஓர் அட்டை. அது நியூக்ளியஸுக்குள் போவதில்லை, சைட்டோபிளாசத்தில் ரைபோசோம் படித்துவிட்டுச் சிதைந்துபோகும். அதைச் சிதையாமல் ஊசி போடும் இடம் வரை கொண்டுபோவதுதான் பெரும்பாடு. சிலவற்றை மைனஸ் 70 டிகிரி குளிரில் வைக்க வேண்டியிருந்ததும் அதனால்தான். ஆர்.என்.ஏ. எடுத்துப் பழகியவர்களைக் கேட்டுப் பாருங்கள். கையுறை போடாமல் தொட்டால், நம் விரலில் இருக்கும் நொதியே அதைத் தின்று தீர்த்துவிடும். தமிழ்நாட்டில் பெரும்பாலோர் போட்டுக்கொண்ட கோவிஷீல்டு இந்த வகை இல்லை, அது டி.என்.ஏ.வை ஓர் அடினோவைரஸில் ஏற்றி அனுப்பியது. ஆனால் அந்த டி.என்.ஏ.வும் நம் செல்லுக்குள் தூது ஆர்.என்.ஏ.வாக நகலெடுக்கப்பட்ட பிறகுதான் புரதமாகிறது. அந்தப் படியைத் தாண்டிப்போக வழியில்லை.

எல்லாத் தூதும் அவசரமாகச் சாவதில்லை என்பதற்கு நம் எலும்பு மஜ்ஜையே சாட்சி. சிவப்பணு முதிரும்போது தன் நியூக்ளியஸை வெளியே தள்ளிவிடுகிறது. மரபணு போய்விட்டது, இனிப் புது நகல் வர வழியில்லை. ஆனாலும் ஹீமோகுளோபினுக்கான தூது ஆர்.என்.ஏ. மிக உறுதியானது, அதுவரை சேர்த்துவைத்தது இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு அந்த இளம் சிவப்பணு இரத்தத்துக்கு வந்த பிறகும் ஓரிரு நாள் ஹீமோகுளோபின் செய்துகொண்டே இருக்கும். பிறகு தூதும் தீரும், ரைபோசோமும் கரையும். மீதமிருக்கும் ஏறக்குறைய 120 நாள் ஆயுளுக்கும் அந்தச் செல் ஒரு புரதமும் புதிதாகச் செய்யாது, செய்துவைத்ததைச் சுமந்துகொண்டு ஓடும்.